பார்க்காமல் எழுதிய நாலு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர்களுக்கு, பயிற்சியின் கடைசி நாளில், பணியில் நேர்மை என்பது பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள், சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அன்று நேரம் போதாமல் பாதியில் நிறுத்தினேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன்.

நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் வேண்டாம். கொடைக்கானலில் இருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்தால் மூன்று மணி நேரமும் ஆகும். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், சுவரோரம், தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி. அதன் உள்ளே வெப்பம் எப்போதும் இரண்டு டிகிரிக்கு மேல், எட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது உங்கள் பெட்டிகளில் கருவியே எண்ணைப் பதிந்து கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. எங்கள் மலைக்கு அது அப்போது வந்து சேரவில்லை.

நான் எப்படிப் பொய் எழுத ஆரம்பித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டினார். அந்த மாதத்தில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. பஸ் வராத இரண்டு நாள், எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள். எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். "இந்தக் காலிக் கட்டத்துக்கு நான் மேலே என்னம்மா பதில் சொல்றது?" பதிவேட்டைத்தான் பார்த்தார், பெட்டியைத் திறக்கவில்லை. அவர் போனதும் நான் பேனாவை எடுத்து அந்த மூன்று கட்டத்திலும் நாலு என்று எழுதினேன். அடுத்த முறை வந்தபோது அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எளிதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பணியில் இருக்கும் செவிலியர் பார்த்துச் சொல்ல வேண்டிய எண்ணை, திங்கட்கிழமை காலையில் நானே நிரப்புவேன். மாலையில் பஸ் ஹாரன் கேட்டதும் ஓடுகிற அவசரத்தில், மூடியைத் திறக்காமலே எழுதுவேன். நல்ல பெட்டி அது, வருடக்கணக்காகத் தொந்தரவு கொடுத்ததில்லை. பார்த்த நாட்களில் பெரும்பாலும் நாலுதான் இருந்தது. அதனால் பார்க்காத நாட்களிலும் நாலு. அது பொய் என்றே எனக்குப் படவில்லை. அதுதான் இதில் எனக்கு இன்றைக்கும் பயம் தருவது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால், ஒரு புதன்கிழமை. புதன் என்றால் ஊசி நாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கிராம சுகாதாரச் செவிலியர் செல்வராணி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று "அக்கா, வெரசா குடுங்க, பனிமஞ்சு எறங்குறதுக்குள்ள போயிரணும்" என்று கைதட்டினாள். நான் பெட்டியைத் திறந்து, மருந்துகளை அட்டைப்பெட்டியோடு எடுத்து அவளுடைய ஊசிப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். விரல் சில்லிட்டது. எங்கள் ஊரில் எதுதான் சில்லிடாது? பதிவேட்டில் நாலு என்று எழுதிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளியே இருமலோடு வரிசை நின்றது.

மத்தியானம் மூன்று மணிக்குச் செல்வராணி திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பதினேழு குழந்தைகள், ஒன்றுகூட விடுபடவில்லை என்றாள். மிச்சமிருந்த மருந்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதப் போனாள். அதை உள்ளே வைப்பதற்காக மூடியைத் திறந்தேன். உள்சுவரில் பனி படிந்திருந்தது. காலையிலேயே படிந்திருந்தால் அப்போதும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கும். அடியில் இருந்த ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தேன். மருந்து அசையவில்லை. கட்டி. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே மூன்று காட்டியது.

உறைந்த மருந்து விஷமாகிவிடாது. குழந்தைக்குக் காய்ச்சல்கூட அதனால் அதிகம் வராது. அதற்கு இருந்த பலம் மட்டும் போய்விடும். தொண்டை அடைப்பான், கக்குவான் எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்லிப் போட்ட ஊசி, குத்திய வலியோடு முடிந்துவிடும். தாய்க்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, யாருக்குமே தெரியப்போவதில்லை. எனக்கு அந்த நிமிடமே இது முழுதாகப் புரிந்தது. நான் செய்த முதல் காரியம், பெட்டியின் பக்கவாட்டில் இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பியதுதான். அதன் மூடி உடைந்து ஒரு மாதமாகியிருந்தது. புது மூடி எழுதிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அப்போது பின்னால் மூக்கம்மாள் வந்து நின்றாள். எங்கள் நிலையத்தைக் கூட்டித் துடைக்கிறவள், ஒப்பந்த வேலை.

"யம்மா, அந்தத் திருகா? சனிக்கெழமை மத்தியானம் தொடைக்கையில மாப்புக் கட்டை இடிச்சுச் சுத்திக்கிருச்சும்மா. முன்ன எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் தெனமும் காலைலயும் சாய்ந்தரமும் பாத்து எழுதுறீங்களே, பாத்துச் சரி பண்ணிக்கிடுவீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தாள். நான் தினமும் பார்க்கிறேன் என்று அந்தக் கட்டடத்தில் முழுதாக நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை என்றால், புதன்கிழமை காலையில் நான் கொடுத்தனுப்பிய மருந்தும் உறைந்ததாகத்தான் இருக்கும். அட்டைப்பெட்டிக்குள் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. மலைப்பாதையில் போய்ச் சேர்வதற்குள் கரைந்திருக்கும். ஆனாலும் உறுதி செய்ய ஒரு வழி இருந்தது. செல்வராணி திருப்பிக் கொண்டுவந்த குப்பி ஒன்றை நன்றாகக் குலுக்கி மேஜையில் வைத்தேன். நல்ல மருந்து என்றால் நெடுநேரம் பால்போலக் கலங்கியே இருக்கும். உறைந்து கரைந்தது என்றால் வெள்ளைத் துகள் அடியில் இறங்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிகாரம் தேவைப்படவில்லை. என் கண்ணெதிரே மாவுபோல இறங்கிவிட்டது. இன்னொரு குப்பியைக் குலுக்கினேன். அதுவும் அப்படியே.

எங்கள் டாக்டருக்கு என் மகன் வயது. மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, கிளம்ப இன்னும் மூன்று மாதம் இருந்தது. குப்பிகளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, உறைந்துவிட்டது என்று சொன்னேன். பதிவேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பிராக்டிகலா யோசிப்போம். இதனால எந்தக் குழந்தைக்கும் ரியாக்‌ஷன் வராது. அடுத்த மாசம் அடுத்த டோஸ் போடத்தான் போறோம். இப்ப போய் ஊசி கெட்டுப்போச்சுன்னு சொன்னா, இந்த மலையில அப்புறம் ஒருத்தரும் ஊசிக்கு வரமாட்டாங்க. ஸ்டாக்கை டிஸ்கார்ட் பண்ணிட்டுப் புதுசு கேட்போம். ஃபால்ட் இன்னைக்கு மத்தியானம்தான் நடந்துச்சுன்னு எழுதிடுங்க. ரெஜிஸ்டர்ல காலைல நாலுதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப முடிஞ்சுது. அந்த அம்மாகிட்ட, இன்னைக்குத் துடைக்கும்போது தட்டிட்டேன்னு ஒரு லெட்டர் வாங்கிக்கங்க. கான்ட்ராக்ட் ஸ்டாஃப்தானே."

அவரை நீங்கள் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். ஜனங்கள் ஊசிக்கு வராமல் போய்விடுவார்கள் என்ற அவர் பயம் நிஜமான பயம். நானும் "சரி சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதை மறைத்துவிட்டு என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இஷ்டமில்லை. வெளியே வந்தபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. என் பதிவேடு பொய் என்று யாருக்கும் தெரியாது. பழி மூக்கம்மாள் மேல். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது.

நல்லவேளை, அவள் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாள். கடிதம் நாளைக்கு என்று கிளம்பினேன்.

மறுநாள் வெள்ளனே பஸ்ஸில், வில்பட்டிப் பிரிவில் செல்வராணி ஏறினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நேத்து ஒரு சேதி சொல்ல மறந்துட்டேன். சிவகாமி வந்துட்டாக்கா! நான் போய்க் கூப்புடவே இல்ல. மொத ஆளா வந்து புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

சிவகாமியை எனக்குச் செல்வராணியின் பேச்சில் மட்டும்தான் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். அவளுடைய மூத்த பையன் ஊசி போட்ட பிறகு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். அதோடு இனி எந்தப் பிள்ளைக்கும் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவள் இரண்டாவது முறை உண்டான நாளில் இருந்து செல்வராணி வாரம் தவறாமல் அவள் வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

"எத்தன நட நடந்திருப்பேன் தெரியுமா? ஒரு நா உள்ள வாங்கன்னுகூடச் சொல்ல மாட்டா. நேத்து ஊசி போடயில அவளே புள்ள காலப் புடிச்சுக்கிட்டா. எனக்கு அழுகையே வந்திருச்சுக்கா."

பஸ் வளைவில் திரும்பியது. வாயைத் திறந்தால் பத்துப் பேர் காதில் விழும். ஆனால் அதற்குமேல் என்னால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உறைந்த மருந்து, சனிக்கிழமை, மூக்கம்மாள், டாக்டர் சொன்னது, நான் சரி என்றது. கடைசியாக, நான் பார்க்காமலே எழுதி வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூண்டுக் காடுகள் போய்க்கொண்டிருந்தன.  இறங்கி நடக்கும்போதுதான் கேட்டாள்.

"நல்ல மருந்துன்னு அவகிட்டச் சொன்னது யாரு?"

"நீ."

"என் வாயால சொன்னேன்க்கா. என் புள்ளைக்குப் போட்ட அதே மருந்துன்னு சொன்னேன்." நின்று என்னைப் பார்த்தாள். "நீங்களும் டாக்டரும் என்னத்தையும் பேசிக்கிடுங்க. அது ஒங்க சோலி. புது மருந்து வந்ததும் அந்தப் பதினேழு வீட்டுக்கும் நீங்க எங்கூட வரணும். பெட்டிய நான் தூக்கிக்கிறேன். சொல்றது நீங்க."

அன்று காலையில் நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். மருந்து சனிக்கிழமை முதல் உறைநிலையில் இருந்தது, பதிவேட்டில் உள்ள எண்கள் நான் பார்க்காமல் எழுதியவை, திருகின் மூடி உடைந்ததைத் தெரிவிக்காததும் நானே. மூக்கம்மாள் பெயரைத் திருகு இடிபட்ட இடத்தில் மட்டும் எழுதி, அவள் அதைத் தானாகவே சொன்னாள் என்பதையும் சேர்த்தேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"இதை அனுப்பினா என்ன ஆகும்னு தெரியும்ல மேடம்? மூணு வருஷத்துல ரிடயர்மென்ட் உங்களுக்கு."

"தெரியும் சார்."

அவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பின்னால் இருந்து பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று அவருடைய கையெழுத்து இருந்தது. அவர் வந்த நாளில் இருந்து ஒரு மாதமும் விடாமல். காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. என் கடிதத்தின் அடியில் தன் பேனாவால் ஒரு வரி சேர்த்தார். மாத இறுதியில் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட தானும் பெட்டியை நேரில் பார்த்ததில்லை என்று. பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போனை எடுத்தார். அவர் எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போட்ட ஊசியைக் கணக்கில் எடுக்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி போடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த வாரச் சனிக்கிழமையே புது மருந்து வத்தலக்குண்டு ரோடு வழியாக மேலே வந்து சேர்ந்தது. நானும் செல்வராணியும் கிளம்பினோம்.

புதன்கிழமை ஊசி போட்ட மலைக் குடியிருப்பில் முதல் வீட்டு முற்றத்திலேயே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் வரும்வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமா..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற செல்வராணி பெட்டியைத் தொப்பென்று தரையில் வைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

"கோளாறு இல்லம்மா. என் தப்பு," என்று மறுபடி ஆரம்பித்தேன். "மருந்து நல்லா இருக்கான்னு தினமும் பாக்க வேண்டியவ நான். பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன். மருந்து கெட்டுப்போச்சு. அதத்தான் உங்க பிள்ளைகளுக்குப் போட்டிருக்கு. அதனால கெடுதல் வராது. ஆனா பிரயோசனமும் இல்ல. இன்னொரு தடவை போடணும்."

ஒரு தகப்பன் எழுந்துவிட்டார். "எங்க புள்ளைங்கன்னா அவ்வளவு இளக்காரமா? டவுனுல பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்கு இப்பிடிச் செய்வீங்களா?"

செய்திருப்பேன், அதே பெட்டி, அதே பதிவேடுதான் என்று சொல்லலாம். அந்த இடத்தில் அது பதிலாகாது. அவர் இன்னும் நிறையப் பேசினார். பேசி முடித்துவிட்டு உள்ளே போய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரே முதலில் வந்து உட்கார்ந்தார்.

கடைசி வீடு சிவகாமியுடையது. வாசலிலேயே நின்று கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, செல்வராணியைத்தான் பார்த்தாள்.

"ஏலாது. இன்னொருக்கா குத்த ஏலாது. நான் வேணாம்னுதானே சொன்னேன். நீங்க சொன்னதுக்குத்தானே வந்தேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.  பதினாறு பேருக்குப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினோம்.

எனக்கு விசாரணை நடந்தது, தண்டனையும் கிடைத்தது. நியாயமான தண்டனை. மூக்கம்மாள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பயந்தபடி நடக்கவும் இல்லை. அடுத்த புதன்கிழமை வழக்கமான கூட்டம் வந்தது, கேள்விகள் மட்டும் அதிகமாக வந்தன. நான் அன்றிலிருந்து, பார்க்க முடியாத நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, காரணத்தையும் எழுதினேன். ஆய்வுக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். உங்களிடமும் சுளிப்பார்கள். காலிக் கட்டத்துக்குத் திட்டு வாங்குங்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை. நேரில் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். தப்பு நடந்துவிட்டால், யாரிடம் சொல்ல உங்களுக்கு அதிகம் பயமாக இருக்கிறதோ அவரிடமே போய்ச் சொல்லுங்கள். நான் முதலில் டாக்டரிடம் போனேன். என்னைக் காப்பாற்றக் கூடியவர் என்றுதான் போனேன். செல்வராணியிடம் போயிருக்க வேண்டும்.

அவள் என்னோடு சரியாகப் பேசவே ஒன்றரை மாதம் ஆயிற்று. மருந்து வாங்குவாள், கையெழுத்துப் போடுவாள், போய்விடுவாள். ஒவ்வொரு வாரமும் சிவகாமி வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பழையபடி, கதவுக்கு வெளியில்.

பிறகு ஒரு காலையில் என் ஜன்னலுக்கு முன்னால் சிவகாமி வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கம்பளித் தொப்பியோடு. முதல் பஸ்ஸுக்கு வந்திருக்க வேண்டும்.

"மருந்து பாக்கிற அம்மா நீங்கதானே?"

"நான்தாம்மா."

"வெளிய வாங்க."

வெளியே வந்தேன். ஊசி போடும் அறைக்கு அவளே முன்னால் நடந்தாள். உள்ளே இருந்த செல்வராணி எழுந்து நின்றுவிட்டாள். சிவகாமி பெஞ்சைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"அன்னைக்கி நான்தானே காலப் புடிச்சேன். ஒண்ணுமில்லாத மருந்துக்கு. இன்னைக்கி நீங்க புடிங்க."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் குப்பிகளை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஊசி போடும்போது ஒரு குழந்தையைப் பிடித்ததில்லை. அது என் வேலை இல்லை. அந்தப் பெண் குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. தொடை என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. கதகதப்பாக இருந்தது. செல்வராணி குப்பியைக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டிவிட்டு, சிவகாமியிடமும் காட்டினாள். பிறகு குத்தினாள்.

குழந்தை மூச்சடக்கி, முகம் கறுத்து, பிறகு வீறிட்டது. என் பிடிக்குள் அந்தக் கால் துடித்தது. நான் சிவகாமியைப் பார்த்தேன். அவள் கையை நீட்டவில்லை. அழுகை அடங்கும்வரை குழந்தை என் தோளில்தான் இருந்தது.